பெரகலைச் சந்திக் கடையும் பண்டாரவளையில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும்: ஒரு திட்டமிடல் பயிற்சி பற்றிய மதிப்பீடு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ4 வீதி, பெரகலைச் சந்தியைக் கடந்து கொஸ்லந்தை, வெல்லவாய பக்கமாகக் கீழிறங்குகிறது. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் போகும் ஏ16 வீதி அதே சந்தியிலிருந்து மேலேறுகிறது. அந்தச் சந்திக்கு அண்மையில், அச்சாறும் சீனிச் சம்பலும் முறுக்கும் செய்து விற்கும் என்னுடைய சிறிய கடை இருக்கிறது. மேற்கே அல்துமுல்லையைத் தாண்டிப் போனால் ஊவா மாகாணம் முடிந்து சப்ரகமுவ மாகாணம் தொடங்கிவிடும். வடக்கே மலைமுகட்டுக்கு அப்பால் மத்திய மாகாணம். இந்த மூலையில் பல ஆண்டுகளாக வியாபாரம் செய்தும், கடை இருக்கும் இடம் என் வரவு செலவை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதைச் செய்ய வைத்தது பண்டாரவளையில் ஒரு சிறிய ஆலோசனை நிலையம் நடத்தும் பயிற்சி. எல்லைப் பிரதேசங்களில் உள்ள சிறு வணிகங்களுக்கான மூலோபாயத் திட்டமிடல் என்பது அதன் பெயர். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு, இடையில் இரண்டு தடவை பயிற்றுநர்கள் கடைக்கே வந்து பார்ப்பது, கட்டணம் பதினையாயிரம் ரூபா. என்னுடன் படித்தவர்கள் பதின்மூன்று பேர். வெலிமடை, அப்புத்தளை, கொஸ்லந்தை, பெலிஹுல்ஓயா, பட்டிப்பொல ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். பேக்கரி, தையல் கடை, மரக்கறி சேகரிப்பு, இரண்டு அறை வாடகைக்கு விடும் வீடு, ஒரேயொரு தனியார் பஸ் என்று எல்லாரும் சிறியவர்களே. 2016 இல் வெளியான சிறிய, நடுத்தர தொழில்முயற்சிகளுக்கான தேசியக் கொள்கைச் சட்டகம், பத்துப் பேருக்கு மேற்படாத ஊழியர்களும் ஆண்டுக்கு 15 மில்லியன் ரூபாவுக்கு மேற்படாத புரள்வும் உள்ளவற்றை நுண் தொழில்முயற்சி என்று வகுக்கிறது. எங்களில் ஒருவரும் அந்தக் கோட்டைத் தாண்டியவர் அல்லர்.

முதல் நாள் கையில் தந்த கைநூல் எனக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தது. தரைவழியாக வேறொரு நாட்டோடு ஒட்டியிருக்கும் பிரதேசங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் அது. சுங்கச் சாவடி, இரண்டு நாணயங்கள், எல்லைக்கு அப்பால் விலை குறைந்தால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவது ஆகியவற்றைப் பற்றியே பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் பேசுகின்றன. இலங்கை ஒரு தீவு. எங்களுக்குத் தரைவழி நாட்டெல்லை கிடையாது. இதனை முதல் வகுப்பிலேயே பட்டிப்பொலைக்காரர் எழுந்து கேட்டார். பயிற்றுநர்கள் அதை மறுக்கவில்லை. நூலை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் எங்கள் பகுதியின் வரைபடத்தைக் கையால் வரைந்து, எங்கள் ஒவ்வொருவருடைய வியாபாரமும் எந்தெந்தக் கோடுகளைக் கடக்கிறது என்று எங்களையே சொல்ல வைத்தார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

நாங்கள் சொல்லச் சொல்ல நான்கு விதமான எல்லைகள் பலகையில் விழுந்தன. மாகாண எல்லை, மழையின் எல்லை, தோட்டத்துக்கும் நாட்டுப்புறக் கிராமத்துக்கும் இடையிலான எல்லை, மொழியின் எல்லை. இவற்றில் மாகாண எல்லையை மட்டுமே நான் அதுவரை எல்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் வியாபாரத்தை அதிகமாகப் பாதிப்பது மழையின் எல்லைதான் என்பது அடுத்தடுத்த வாரங்களில் தெளிவானது.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேல் பருவமழை ஹட்டன், டிக்கோயாப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும்போது, முகட்டுக்கு இப்பால் ஊவாவில் வெயிலும் வறண்ட காற்றும் அடிக்கும். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் 1,898 மீற்றர் உயரத்தில் முகட்டைக் கடக்கும் ரயிலில் இருந்துகொண்டே அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் பலர். ஊவாத் தேயிலைக்குப் பெயர் தரும் தரமான பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்த வறண்ட மாதங்களே. மேற்குச் சரிவின் தரப் பருவமோ ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் தேயிலை மணக்கும் அந்த மாதங்களில் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் நிர்ணயித்த கிலோவைப் பறிக்க முடியாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறது. அடுத்த மாதம் பத்தாம் திகதிச் சம்பளம் மெலிகிறது. என் கடன் கொப்பி தடிக்கிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நான் தனித்தனியாக அறிந்திருந்தேன். அதை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை.

பயிற்சியின் இதயம் என்று நான் கருதுவது மூன்றாம் வகுப்பில் தரப்பட்ட பன்னிரண்டு மாதத் தாள். மேல் வரிசையில் மாதங்கள். கீழே, வாடிக்கையாளர் கையில் காசு புழங்கும் நாட்கள், மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கும் காலம், வீதி ஆபத்தான காலம், நாம் கட்டவேண்டிய கடன்கள் என்று ஏழெட்டு வரிசைகள். பழைய கொப்பிகளைக் கொண்டுவந்து, நினைவிலிருந்து எழுதாமல், கணக்கிலிருந்து நிரப்பச் சொன்னார்கள். என் கொப்பியிலிருந்து முதலில் தெரியவந்தது ஒரு மாதத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம். தோட்டத்தில் மாதச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டியும் முற்பணம் இருபத்தைந்தாம் திகதியை ஒட்டியும் கிடைக்கின்றன. என் ரொக்க விற்பனை அந்த இரண்டு திகதிகளுக்கும் பின்வரும் நான்கைந்து நாட்களில் குவிந்திருந்தது. நானோ மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை மாதத்தின் ஐந்தாம் திகதிக்கு ஒப்புக்கொண்டிருந்தேன், கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் நாளுக்கு. அதனால்தான் மாதாமாதம் நகையை அடகு வைத்து மீட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திகதியைப் பன்னிரண்டாக மாற்றித் தரும்படி கேட்டதும் மொத்த வியாபாரி உடனே சம்மதித்தார். இத்தனை ஆண்டுகளாகக் கேட்காமல் இருந்தது என் பிழை.

இரண்டாவதாகத் தெரியவந்த விடயம் இதைவிடப் பாரதூரமானது. எங்கள் கடையின் மிகப் பெரிய விற்பனை தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நடக்கிறது. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுக்கப்படும் காலம் அது. அதே ஒக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் இந்தச் சரிவில் மழை உக்கிரமாகக் கொட்டி மண்சரிவு அபாயம் உச்சத்தில் இருக்கும் காலமும். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் புதையுண்டது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, அந்த ஆண்டின் தீபாவளி முடிந்த மறு வாரம். அந்தத் துயரத்தை ஒரு வியாபாரக் கணக்குக்குள் கொண்டுவருவது எனக்குக் கூச்சமாகவே இருந்தது. ஆனால் வீதி அடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் வீதியோரத்துக் கடைகளை நம்பியிருக்கும் லயன்களின் மக்களே என்று பயிற்றுநர் சொன்னபோது, கையிருப்பைத் திட்டமிடுவது வியாபாரத்துக்கு மட்டும் உரிய விடயம் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டேன்.

இப்போது தேசிக்காய், வினாகிரி, போத்தல், வெங்காயம் ஆகியவற்றைச் செப்டெம்பர் முடிவதற்குள் வாங்கிவைக்கிறேன். தேசிக்காய் மொனராகலைப் பக்கத்திலிருந்து வெல்லவாய வழியாக ஏறிவருகிறது. அந்த வீதி மூடப்பட்டால் எனக்கு மாற்று வழி இல்லை. கரட், போஞ்சி, கறிமிளகாய் போன்றவற்றுக்கு கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையமும், விலை ஏறினால் நுவரெலியாப் பக்கமும் இருக்கின்றன. ஆகவே மரக்கறியை முன்கூட்டி வாங்குவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு முன்னெச்சரிக்கையின் மூன்று படிகளையும் என் திட்டத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மஞ்சள் என்றால் புதிய சரக்கு அனுப்புவதை ஒரு நாளுக்குள் முடிப்பது. செம்மஞ்சள் என்றால் வேலை செய்யும் மூன்று பெண்களையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புவது. சிவப்பு என்றால் கடையைப் பூட்டிவிட்டு இறங்குவது. இப்படி ஒரு பத்தி எந்த வியாபாரத் திட்டத்திலும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பகுதியில் அது முதற் பக்கத்தில் இருக்கவேண்டியது.

மாகாண எல்லை பற்றிய வகுப்பு, நிர்வாக விடயங்களில் உபயோகமாக இருந்தது. வணிகப் பெயர்ப் பதிவு மாகாணத்தின் பொறுப்பு, அது பிரதேச செயலகத்தின் ஊடாக நடக்கிறது. வியாபார அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் வழங்குவது கடை இருக்கும் இடத்தின் பிரதேச சபை. எனவே எல்லைக்கு அப்பால் ஒரு கிளை வைத்தால் வேறொரு பிரதேச சபையின் கருமபீடத்துக்கும் வேறொரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் போகவேண்டும். பயணிகள் பஸ்ஸுக்கும் இதே கதைதான்: ஒரு மாகாணத்துக்குள் ஓடினால் அனுமதி தருவது மாகாண அதிகாரசபை, மாகாணத்தைக் கடந்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. எங்களுடன் படித்த பஸ் உரிமையாளரின் பயணிகளில் கணிசமானோர் பலாங்கொடை வரை போக விரும்புகிறவர்கள், ஆனால் அவருடைய அனுமதி ஊவாவுக்குள் மட்டுமே. அவருக்கு இந்த வகுப்பில் கிடைத்த தீர்வு சிறியது, ஆனால் நடைமுறைக்கு ஏற்றது: எல்லையில் மறுபக்கத்துப் பஸ்ஸின் நேரத்தோடு தன்னுடைய நேரத்தை ஒத்திசைப்பது, பார்சல்களைக் கைமாற்றிவிடுவது. என் அச்சாறுப் போத்தல்கள் இன்று பலாங்கொடைக்குப் போவது அந்த ஒழுங்கில்தான்.

2021 இல் மாகாணங்களுக்கிடையிலான பயணம் மாதக்கணக்கில் தடைப்பட்டிருந்த அனுபவத்தையும், 2022 இன் எரிபொருள் நெருக்கடியையும் பயிற்றுநர்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள். 2022 ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனதும், பின்னர் கியூஆர் முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் மட்டும் கிடைத்ததும் எங்கள் எல்லாருக்கும் உடம்பில் பதிந்த நினைவுகள். அந்த ஐந்து லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம், அந்தத் தூரத்துக்குள் உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்கிட்டோம். பதில் பலரை அதிர வைத்தது. நான் அதன் பின்னர்தான் பெலிஹுல்ஓயாவைப் பார்க்கத் தொடங்கினேன். சப்ரகமுவப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் மாணவர்கள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்கூட வந்து தங்கிப் படிக்கிறார்கள். கைநூலின் படிவமோ உங்கள் மாவட்டத்தில் உள்ள சந்தையை மதிப்பிடுங்கள் என்று கேட்கிறது. பதுளை மாவட்டம் என்று எழுதினால் பெலிஹுல்ஓயா இரத்தினபுரி மாவட்டத்துக்குள் போய்விடும், மகியங்கனை உள்ளே வந்துவிடும். மகியங்கனையில் எனக்கு ஒரு வாடிக்கையாளரும் இல்லை. எல்லைப் பிரதேசத்துக்கென்று நடத்தப்படும் பயிற்சியின் படிவமே எல்லையைத் தாண்டிப் பார்க்க இடம்தராமல் இருப்பது திருத்தப்படவேண்டிய குறை. பயணத் தூரத்தை வைத்துச் சந்தையை மதிப்பிடும்படி அதை மாற்றி எழுதச் சொல்லி நானும் வெலிமடைச் சகோதரர் ஒருவரும் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

செலவுக் கணக்கு வகுப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் செலுத்தவேண்டும் என்பது தெரிந்த விடயமே. அதைப் போத்தலின் அடக்க விலைக்குள் எழுதாமல் விலை நிர்ணயித்துவிட்டு, பின்னர் ஊழியரின் பணத்தில் பிடிப்பது எங்களைப் போன்ற கடைகளில் வழக்கமாகிவிட்டது. பயிற்றுநர்கள் இந்த விடயத்தில் கண்டிப்பாக இருந்தார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதமானபோது பதிவு செய்யாத சிறு கடைகள் தமக்கு அதனால் பாதிப்பு இல்லை என்று நினைத்தன. போத்தலும் மூடியும் வாங்கும் விலைக்குள் அந்த வரி ஏற்கெனவே வந்துவிடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

மிகவும் பலவீனமான பகுதி, முதலீடு பற்றிய ஐந்தாம் வகுப்பு. கடன் பெறுவதற்கான படிகள் அனைத்தும், விண்ணப்பிப்பவருக்கு அடமானம் வைக்க ஒரு காணி உறுதி இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டிருந்தன. பதினான்கு பேரில் ஆறு பேர் லயன் அறையில் பிறந்து இன்றும் அங்கேயே வாழ்கிறவர்கள். 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போன அந்தக் காணிகளில், நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கும் தம் பெயரில் ஒரு பேர்ச் நிலம் கிடையாது. கொஸ்லந்தையிலிருந்து வந்த தையற்காரத் தங்கை ஒருவர், வங்கி முகாமையாளர் தன்னிடம் முகவரியை மட்டும் கேட்டுவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பித் தந்ததை எழுந்து சொன்னபோது, பயிற்றுநரிடம் பதில் இருக்கவில்லை. தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்க இடமளிக்கும் சட்டத் திருத்தமே 2018 இல்தான் நிறைவேறியது. அப்படியிருக்க, தோட்டத்துக்குள் தொழில் தொடங்குபவருக்குக் காணி உறுதி இல்லாமல் எப்படி முதல் திரட்டுவது என்பதே இந்தப் பகுதியில் திட்டமிடலின் முதற் கேள்வியாக இருக்கவேண்டும். சீட்டு, நகை அடகு, மொத்த வியாபாரியிடம் தவணை, குழுவாகப் பிணை நிற்பது என்று நாங்கள் ஏற்கெனவே கையாளும் வழிகளையாவது அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு எவ்வளவு வட்டியாகிறது என்று கணக்குப் போட்டிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் தேநீர் இடைவேளையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அடகை விடச் சீட்டில் ஏலத் தள்ளுபடியாக இழப்பது சில மாதங்களில் அதிகம் என்று கண்டோம்.

மொழியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இரண்டு பயிற்றுநர்களில் ஒருவர் தமிழர், மற்றவர் நன்றாகத் தமிழ் பேசக்கூடிய சிங்களவர். வகுப்பு இரண்டு மொழிகளிலும் நடந்தது. யாரும் ஒதுக்கப்பட்டதாக உணரவில்லை. வெலிமடைச் சிங்களச் சகோதரிகளோடு ஒரே மேசையில் இருந்து கணக்குப் போட்டதால், ஒரே மொத்த வியாபாரி இரண்டு சமூகத்தாரிடமும் இரண்டு விலை வாங்குவதும் வெளியே வந்தது. ஆனால் எழுத்தில் தந்த தமிழ் வாசிக்க முடியாதது. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நான்கு கட்டங்களை எவரும் விளங்கிக்கொள்வர்; அவற்றின் கீழே இருந்த விளக்கங்களை நான் மூன்று முறை வாசித்தும் பொருள் பிடிபடவில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த எனக்கே அந்த நிலை என்றால், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பேக்கரிக்கார அண்ணன் என்ன செய்வார்? அவருக்கு நான் ஒவ்வொரு வாரமும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அவருடைய வியாபார அறிவு எங்கள் எல்லாருடையதையும் விட மேலானது. அந்த அறிவு தாளில் இறங்குவதற்குத் தடையாக இருந்தது அந்தத் தமிழ் மட்டுமே.

கடைக்கு வந்து பார்த்த இரண்டு தடவைகளும் மிகுந்த பயன் தந்தன. முதல் தடவை வந்தவர் ஒரு காலைப் பொழுது முழுவதும் கடையின் ஓரத்தில் அமர்ந்து, வந்தவர்களில் யார் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், யார் தோட்டத்திலிருந்து நடந்து வந்தவர், யார் வாகனத்தை நிறுத்தியவர் என்று குறித்துக்கொண்டார். பின்னர் என்னிடம், “அக்கா, வாகனத்தை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் மேலே ஏறுகிறவர்கள், இறங்கிப் போகிறவர்கள் ஒருவரும் நிறுத்தவில்லை” என்றார். கடைப் பலகை ஏறிவருபவர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரியும்படி இருந்தது. எல்ல, பண்டாரவளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான் ஊருக்குக் கொண்டுபோக எதையாவது வாங்குகிறவர்கள். மறுபக்கம் ஒரு பலகை வைத்த பின்னர் போத்தல் விற்பனையில் தெரிந்த வேறுபாட்டை என் கொப்பி காட்டுகிறது.

இந்தப் பயிற்சிக்குப் போக எண்ணுபவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்லிவைக்கிறேன். குறைந்தது ஓர் ஆண்டின் கடன் கொப்பியும் வாங்கல் பற்றுச்சீட்டுகளும் கையில் இல்லாமல் போகவேண்டாம். அவை இல்லாதவர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தாள் வெறும் தாளாகவே இருந்தது. கைநூலை வாசிக்க மெனக்கெடவேண்டாம். ஐந்தாம் வகுப்புக்கு முன்னரே, காணி உறுதி இல்லாதவர்கள் தங்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த குழுவிலாவது பயிற்றுநர்கள் பதிலோடு வரக்கூடும். புதிதாகத் தொழில் தொடங்க எண்ணுபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டு மூன்று ஆண்டுகளாவது கடை நடத்தி, ஏன் கையில் காசு நிற்கவில்லை என்று குழம்பியிருப்பவர்களுக்கே இது உரியது. பெலிஹுல்ஓயாவில் கிளை வைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைத்து, அங்குள்ள ஒரு கடையில் மாதம் நாற்பது போத்தல் வைத்து விற்றுப் பார்க்கிறேன். பல்கலைக்கழக விடுமுறை மாதங்களை அந்தத் தாளில் ஒரு புதிய வரிசையாகச் சேர்த்திருக்கிறேன்.